தனுஷ்கோடி ரயில் நிலையம்

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்குக் கோடியில், இரு பக்கமும் கடல் நெருக்கும் மணல் திட்டில், 1914 முதல் 1964 வரை இயங்கிய மீட்டர்கேஜ் நிலையம். கப்பலுக்காகவே கட்டப்பட்டது. புயலில் போனபின் மறுபடி எழும்பாததற்கும் காரணம் அந்தக் கப்பல்தான்.

அதற்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, இரவெல்லாம் கப்பலில் கழித்தாக வேண்டும். இலங்கை வரை ரயில் பாலமே போட்டுவிடலாம் என்ற யோசனையும் எழுந்து, செலவை எண்ணிக் கைவிடப்பட்டது. பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம் கட்டி, மிச்சத்தைக் கப்பலிடம் ஒப்படைத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையின் தலைமன்னார் சுமார் 35 கி.மீ.தான். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு கோட்டை வரை போய்விடலாம். வண்டிக்கு இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். மக்களுக்கு அது போட் மெயில். பிற்காலக் கப்பல்களில் இர்வின், கோஷன் இரண்டும் பேர்பெற்றவை.

பாம்பனிலிருந்து பிரதான பாதை தனுஷ்கோடிக்கே சென்றது; ராமேஸ்வரம் வெறும் கிளை. நாடெங்கிலுமிருந்து யாத்ரீகர்கள் தேடிவரும் கோயில் ஊர் கிளைப்பாதையில் கிடந்தது என்பதே கம்பெனியின் கணக்கைச் சொல்லிவிடும். நிலையத்தைச் சுற்றிச் சுங்க அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே குடியிருப்பு எல்லாம் வந்தன. வியாபாரிகளைவிட இந்த நிலையத்தை அதிகம் கண்டவர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்க்கப்பட்ட கூலித் தொழிலாளர்களாகவே இருந்திருப்பார்கள். இந்திய மண்ணிலேயே சிலோன் அரசு நடத்திய மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகச் சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு இவ்வழியே அவர்கள் கப்பலேறினர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு நெருங்கும் நேரம். பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் விழவில்லை. டிரைவர் சற்று நேரம் காத்திருந்து, நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கடல் எழும்பி ஆறு பெட்டிகளையும் விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. ஊரும், நிலையமும், துறையும் அன்றிரவே அழிந்தன. பாம்பன் பாலத்தில் மட்டும் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன.

பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் சீராக்கிவிட்டார். தனுஷ்கோடிப் பாதைக்கு அந்த அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. அரசு அவ்வூரை வாழத் தகாத இடம் என்று அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. கிளைப்பாதை பிரதான பாதையாயிற்று. புயலுக்கு இரண்டு மாதம் முன்னர்தான், அக்டோபர் 30 அன்று, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை குறித்து இரு நாடுகளும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி இந்தியா ஏற்க வேண்டியவர்கள் 5,25,000 பேர். தனுஷ்கோடி வழியே போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்திறங்கி, அதே மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும், 1980களில் அந்தக் கப்பலும் நின்றது.

இடிந்த சுவர்கள் சிலவும் தண்ணீர்த் தொட்டியும் மிஞ்சியுள்ளன. எதிர்க்கரையில் போரால் சிதைந்த தலைமன்னார் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம்-தனுஷ்கோடி புதிய பாதைக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இந்த முறை கணக்கில் இருந்தவர்கள் சுற்றுலாப் பயணிகளும் யாத்ரீகர்களும், கப்பல் இல்லை.