வாசிகசாலையும் சமூகமும்: யாழ்ப்பாணக் கிராமங்களின் சிறு நூலகங்கள் பற்றிய ஒரு குறிப்பு

யாழ்ப்பாணத்து நூலக வரலாறு பேசப்படும்போதெல்லாம் 1981 இல் எரியூட்டப்பட்ட பொது நூலகமே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தமை ஈடுசெய்ய முடியாத இழப்பு. எனினும், அப்பெரும் நிறுவனம் ஒரு வீட்டிலேயே தோன்றியது என்பது மனங்கொளத்தக்கது. 1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்தில் தொடங்கிய இலவச நூலகமே 1934 இல் வாடகை அறைக்கு மாறி, 1935 இல் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் வந்து, 1959 இல் புதிய கட்டிடத்தில் இயங்கத் தொடங்கிற்று.

இம்முயற்சி தனியொருவரின் நல்லெண்ணத்தால் மட்டும் விளைந்ததன்று. 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் வெளிவரத் தொடங்கின. 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. வாக்காளனாகிவிட்ட கிராமத்தவனுக்குச் செய்தி தேவைப்பட்டது. பத்திரிகையை நாள்தோறும் வாங்கும் வசதி அவனுக்கு இருக்கவில்லை. இம்முரண்பாட்டுக்குக் கிராமம் கண்ட விடையே வாசிகசாலை. சில வாங்குகள், ஒரு மேசை, ஊரவர் பணத்தில் வாங்கிய பத்திரிகைகள் என்பனவே அதன் மூலதனம். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர், கேட்டவர் விவாதித்தனர். எழுத்தறியாதவரும் இவ்வாறு எழுத்துலகின் பங்காளராயினர்.

ஆயின் 'இலவசம்' என்பதும் 'பொது' என்பதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துக் குறிச்சிகள் பெரும்பாலும் சாதி அடிப்படையில் அமைந்தவை. அவற்றில் எழுந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் அவ்வரம்புக்குள்ளேயே இயங்கின. கட்டணம் கேளாத வாசலும் சிலருக்கு மூடியே இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென நிலையங்களை அமைத்தமை இதன் தர்க்கரீதியான விளைவாகும். 1957 இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 1966 ஒக்டோபர் 21 இல் அம்மக்கள் வீதிக்கு இறங்கினர். சிறு நிலையங்களில் ஈட்டிய வாசிப்பையும் கூடி முடிவெடுக்கும் பழக்கத்தையும் ஒதுக்கிவிட்டு அவ்வெழுச்சியை விளங்கிக்கொள்ளல் இயலாது என்பதே எமது கருத்து.

பொது நூலகத்தின் அழிவை உலகறியும். போரிலும் 1995 இன் பெரும் இடப்பெயர்விலும் சிதறிய கிராமத்து வாசிகசாலைகளின் கதையோ இன்னும் முறையாக எழுதப்படவில்லை. எஞ்சியுள்ள கூட்டக் குறிப்பேடுகளும் கணக்கேடுகளும் முதியோரின் நினைவுகளும் விரைந்து திரட்டப்படல் வேண்டும். அன்றேல், நூலகம் அமைத்தவர்களின் வரலாறே எஞ்சும். அங்கு வாசித்தவர்களின் வரலாறும், வாசலில் தடுக்கப்பட்டவர்களின் வரலாறும் மறைந்துபோகும்.