மூளை மின்னலைப் பரிசோதனை: ஆய்வுக்கூடத்திலிருந்து தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கு

முன்னுரை

வலிப்பு வந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவருகிறார்கள். ரத்தநாளத்தில் வலிப்படக்கும் மருந்தான லோராசெபாம் ஏறுகிறது. சில நிமிடங்களில் கைகால் உதறல் அடங்க, வெளியே நிற்கும் உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் கழிந்தும் அவர் கண் திறக்கவில்லை. கொடுத்த மருந்தின் மயக்கமா? வலிப்புக்குப் பின் வரும் அசதியா? அல்லது உடலில் அடையாளம் காட்டாமல் மூளைக்குள் வலிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தோ, சுத்தியலால் முழங்காலைத் தட்டியோ இதற்கு விடை சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும். அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டக்கூடியது இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பரிசோதனை.

1929இலேயே அச்சில் வந்துவிட்ட இந்தப் பரிசோதனை, தீவிர சிகிச்சைக் கட்டிலருகே நிலையாக வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. ஏன் இவ்வளவு தாமதம்? ஒவ்வொரு காலத்திலும் மருத்துவர்கள் இக்கருவியிடம் கேட்ட கேள்வி எது? இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்கூடத் தொடக்கம்

லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் மின்னோட்டம் இருப்பதை 1875இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தில் எடுத்துரைத்தார். மனித மூளையின் மின்னலையை முதலில் பதிந்தவர் ஜெர்மனியின் யேனா நகர உளநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் தொடங்கிய சோதனைகளை ஐந்தாண்டுகள் தம்மிடமே வைத்திருந்து 1929இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலைகளைப் பதிந்து காட்டிய பிறகே உலகம் ஏற்றது. மறு ஆண்டு பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் சிறுவலிப்பின்போது நொடிக்கு மூன்று முறை எழும் கூர்முனை அலைகளைக் கண்டனர். அன்றுமுதல் இ.இ.ஜி. வலிப்பு நோயின் பரிசோதனை ஆயிற்று. நடந்து வரும் நோயாளிக்கு, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வதாகவே அது நிலைத்தது.

உயிர் இருக்கிறதா என்ற கேள்வி

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அப்போது இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் மூச்சுத் திணறியவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பையை அழுத்தி அவர்களுக்குக் காற்று கொடுத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து பிறந்தது.

அதோடு புதிய சிக்கல் ஒன்றும் பிறந்தது. சுவாசத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ள, மூளை முற்றிலும் செயலிழந்த பின்னும் இதயம் துடித்தது. பாரிஸ் மருத்துவர்கள் மொலாரேயும் குலோனும் 1959இல் இத்தகைய 23 நோயாளிகளை விவரித்து, கோமாவையும் கடந்த நிலை என்று அதற்குப் பெயரிட்டனர். ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு 1968இல் மூளைச் சாவுக்கு வரையறை வகுத்தது. தட்டையான இ.இ.ஜி. கோடு அதை உறுதிப்படுத்தப் பெரிதும் உதவும் என்ற அக்குழு, 24 மணி நேரம் கழித்துச் சோதனைகளைத் திரும்பச் செய்யச் சொன்னது. உடல் வெப்பம் 32.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனவர்களுக்கும், பார்பிட்டுரேட் போன்ற மருந்துகள் உடலில் உள்ளவர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது என்றும் எச்சரித்தது. குளிரும் மருந்தும் உயிருள்ள மூளையையே ஊமையாக்கிவிடும் என்ற அறிவு அந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

பிரிட்டன் 1976இல் வேறு வழி சென்றது. மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களைச் சோதித்தால் போதும், இ.இ.ஜி. கட்டாயமில்லை என்றது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் மூளைத்தண்டுச் சாவையே அடிப்படையாகக் கொண்டது. மருத்துவர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். தீவிர சிகிச்சையில் இ.இ.ஜி. பெற்ற முதல் பெரும் வேலை சாவுக்குச் சான்றளிப்பது. அந்த வேலையும் பல நாடுகளில் அதன் கையைவிட்டுப் போயிற்று.

காகிதம் போட்ட தடை

உயிரோடிருக்கும் மூளையைக் கண்காணிக்க இக்கருவியை ஏன் வைக்கவில்லை? ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். பழைய கருவியில் காகிதம் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். இருபது நிமிடப் பதிவுக்கு 36 மீட்டர். அதையே ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவையும் யார் புரட்டிப் படிப்பது?

மின்முனைகளைப் பொருத்துவதும் எளிதல்ல. ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட 10–20 முறைப்படி, மூக்குத்தண்டின் மேல்முனையிலிருந்து பிடரி மேடுவரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10, 20 விழுக்காடு இடைவெளிகளில் குறியிட வேண்டும். குறியிட்ட ஒவ்வோர் இடத்திலும் முடியை விலக்கி, தோலைத் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். நோயாளிக்குத் தலையில் கட்டு இருக்கும். வியர்வையில் பசை நழுவும். வென்டிலேட்டரின் அதிர்வும் மின்கம்பியின் இரைச்சலும் மூளை அலைபோலவே வேடமிட்டுப் பதிவில் ஏறும்.

இந்தத் தடையை முதலில் தளர்த்தியவர்கள் லண்டனின் டக்ளஸ் மேனார்டும் பமீலா பிரையரும். 1960களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய மூளைச் செயல் கண்காணிப்புக் கருவி, அலைகளின் உயரத்தைச் சுருக்கி ஒரே பட்டையாக்கி, மணிக்கு 6 சென்டிமீட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில் வரைந்தது. ஒரு நாள் பதிவு ஒன்றரை மீட்டருக்குள் அடங்கியது. நுணுக்கம் குறைந்தாலும் செவிலியர் ஒரு பார்வையில் மாற்றத்தைப் பிடிக்கலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இம்முறை இன்றும் வாழ்கிறது. பெரியவர்களுக்கான முழுப் பதிவு, கணினியும் எண்முறைச் சேமிப்பும் மலிவாகும்வரை காத்திருந்தது.

ஒளிந்திருந்த வலிப்பு

கணினி வந்ததும் மருத்துவர்கள் கண்டது அவர்களையே திகைக்கவைத்தது. 1998இல் டிலோரென்சோ குழு, தொடர்வலிப்பு அடங்கிய 164 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. 48 விழுக்காட்டினரின் மூளையில் மின்வலிப்பு தொடர்ந்தது. 14 விழுக்காட்டினர் உதறலே இல்லாத தொடர்வலிப்பில் இருந்தனர். வலிப்பின் அறிகுறி எதுவுமின்றிக் கோமாவில் கிடந்த 236 பேரை 2000இல் டௌன் குழு சோதித்தபோது, 8 விழுக்காட்டினர் அதே நிலையில் இருந்தனர்.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கு 2004இல் யான் கிளாசன் குழு விடை தேடியது. கண்காணித்த 570 பேரில் 19 விழுக்காட்டினருக்கு வலிப்பு பதிவாயிற்று. அவர்களில் 92 விழுக்காட்டினருக்கு அது கண்ணுக்குத் தெரியாத வலிப்பு மட்டுமே. முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டது 88 விழுக்காட்டினரிடம். வலிப்பு பதிவானவர்களுள் கோமாவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதைக் காண ஒரு நாளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடப் பதிவில் வலிப்பு இல்லையென்றால், அந்த இருபது நிமிடத்தில் இல்லை என்பதுதான் பொருள்.

கண்டால் போதுமா?

நெடுநேரப் பதிவு, வலிப்பா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாத இடைநிலை அலைகளையும் கொண்டுவந்தது. ஒரே பதிவை இருவர் இருவிதமாகப் படித்தனர். அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் சங்கம் 2012, 2021 பதிப்புகளில் பொதுவான கலைச்சொற்களை வகுத்தது இதனால்தான்.

அடுத்து வந்தது கடினமான சோதனை. சுவிட்சர்லாந்தில் ரொசெட்டி குழு நினைவிழந்த 368 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு 30 முதல் 48 மணி நேரத் தொடர்பதிவு. மற்றதற்கு இரண்டு சாதாரணப் பதிவுகள். 2020இல் வெளியான முடிவின்படி, தொடர்பதிவில் 15.6 விழுக்காட்டினருக்கும் சாதாரணப் பதிவில் 4.4 விழுக்காட்டினருக்கும் வலிப்பு தெரிந்தது. ஆனால் ஆறு மாத இறப்பில் வேறுபாடு இல்லை. நெதர்லாந்தின் டெல்ஸ்டார் ஆய்வு (2022) இதயம் நின்று மீண்டவர்களில், இ.இ.ஜி.யில் சீரிசை அலைகள் தென்பட்ட 172 பேரை எடுத்துக்கொண்டது. அந்த அலைகளை மருந்தால் அடக்கிய பிரிவில் 90 விழுக்காட்டினருக்கும், அடக்க முயலாத பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் முடிவு மோசமாகவே இருந்தது.

இதே ஆண்டுகளில் வேறொரு கதவும் திறந்தது. மூளைக் காயத்தால் சொன்னதைச் செய்யாமல் கிடந்த 104 பேரிடம் ‘கையை அசையுங்கள்’ என்று சொல்லி, கிளாசன் குழு இ.இ.ஜி.யைக் கணினியால் ஆராய்ந்தது. யாருடைய கையும் அசையவில்லை. ஆனால் 16 பேரின் மூளை கட்டளைக்கு மறுமொழி தந்தது. 2019இல் வெளியான இந்த ஆய்வில், அப்படி மறுமொழி தந்தவர்களில் 44 விழுக்காட்டினர் ஓராண்டில் பகலில் எட்டு மணி நேரமாவது தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையை எட்டினர். மற்றவர்களில் அது 14 விழுக்காடு.

முடிவுரை

‘செத்துவிட்டதா’ என்று கேட்கத் தொடங்கிய மருத்துவம், ‘வலிப்பு ஒளிந்திருக்கிறதா’ என்று கேட்டு, இன்று ‘உள்ளே ஆள் இருக்கிறாரா’ என்று கேட்கிறது. மின்முனையும் பசையும் பெரிதாக மாறவில்லை. பார்க்கும் நேரமும் கேட்கும் கேள்வியும் மாறின. மேற்கண்ட ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், எல்லாக் கட்டிலுக்கும் நாள் முழுக்க இக்கருவி தேவை என்று வாதிட இடமில்லை. வலிப்பு நின்றும் விழிக்காதவருக்கும், காரணம் தெரியாத கோமாவில் இருப்பவருக்கும் அதை வைக்காமல் விடுவதற்கும் இடமில்லை. உதறல் அடங்கிய உடலைப் பார்த்து வலிப்பு தீர்ந்தது என்று எழுதுவது, அலையைப் பார்க்காதவரை, ஊகமே.