குரல்வளை இழந்தவர்களின் குரல்

குரல்வளைப் புற்றுநோய்க்காக அந்த உறுப்பையே முழுதாக அகற்றும் முதல் அறுவை சிகிச்சையை 1873-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் செய்தார். நோயாளி மீண்டும் பேசுவதற்காக அவருடைய உதவியாளர் கார்ல் குசன்பாவர் செயற்கைக் குரல்வளை ஒன்றை வடிவமைத்தார்.

பின்னர், காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம்போல் மேலே விட்டுப் பேசும் முறை பரவியது. இதைப் பழகப் பல மாதங்கள் பிடிக்கும், பலருக்குக் கைகூடாது. பழகியவர்களே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். அவர்களது சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு 1952-இல் உருவானது. டிரான்சிஸ்டர் வந்தபின், கழுத்தில் அழுத்திப் பேசும் கையடக்க மின்கருவியும் பரவலாயிற்று.

1980-இல் மார்க் சிங்கரும் எரிக் பிளோமும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளையிட்டுச் சிறு சிலிகோன் வால்வு பொருத்தும் முறையை வெளியிட்டனர். நோயாளி மூச்சுவிடும் கழுத்துத் துளையை விரலால் மூடினால், நுரையீரல் காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் புகுந்து அதன் சுவரை அதிரவைக்கும்; அந்த ஒலியை நாக்கும் உதடும் சொல்லாக்கும்.