அறையில என்ன இருக்குது? அறைக்குள்ள ஆரை விட்டார்கள்?

ஹொட்டல்களை இண்டைக்கு ‘லக்சறி’, ‘மிட்ஸ்கேல்’, ‘எகொனமி’ எண்டு தட்டுத்தட்டாகப் பிரிக்கிறார்கள். உணவகம் இருக்குதா, நீச்சல் தடாகம் இருக்குதா, அறைக்கே சாப்பாடு வருமா என்று பார்த்துத்தான் விலையும் தட்டும். இந்தப் பிரிப்பின் கதையைத் தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டியிருக்கு.

1829இல் பொஸ்டனில் திறந்த ட்ரெமொன்ட் ஹவுஸ் அந்தக் காலத்தின் ஆடம்பரம். அங்கே அப்படி என்ன இருந்தது? பூட்டித் திறப்பை வைத்துக்கொள்ளக்கூடிய தனியறை, இலவசச் சவர்க்காரம், கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறை. இண்டைக்கு இதை ஆரும் ஆடம்பரம் எண்டு சொல்லமாட்டினம். 1908இல் பஃபலோ நகரில் எல்ஸ்வேர்த் ஸ்டாட்லர், அறைக்கு அறை தனிக் குளியலறை வைத்து ஒன்றரை டொலருக்கு விட்டார். பணக்காரரின் வசதி ஊர் ஊராகத் திரியும் விற்பனையாளருக்கும் கிடைத்தது.

குடும்பப் பயணமொன்றில் பிள்ளைகளுக்கும் தனிக்காசு கேட்டதில் கொதித்துப்போன கெமன்ஸ் வில்சன், 1952இல் மெம்பிஸில் முதலாவது ஹொலிடே இன்னைத் திறந்தார். அங்கே நீச்சல் தடாகமும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை. 1962இல் வந்த மோட்டல் 6 எதிர்த்திசையில் போனது: வசதிகளைக் குறை, இரவுக்கு 6 டொலர் மட்டும் எடு. 80களில் ஒரே நிறுவனமே ஒவ்வொரு தட்டுக்கும் வெவ்வேறு பெயரில் ஹொட்டல் நடத்தத் தொடங்கியது. மேரியட் 1983இல் வியாபாரப் பயணிகளுக்கென்று கோர்ட்யார்ட்டைத் திறந்தது இப்படித்தான்.

ஆனால், இந்த வசதிப் பட்டியல்களில் எழுதப்படாத ஒரு விசயம் இருக்குது. கறுப்பின மக்கள் எங்கே தங்கலாம் என்று சொல்ல, ஹார்லெமைச் சேர்ந்த தபாற்காரர் விக்டர் கிரீன் 1936இல் ‘கிரீன் புக்’ என்ற தனிக் கையேட்டையே வெளியிட வேண்டியிருந்தது. கையில காசு இருந்தாலும் கதவு திறக்காது. அட்லாண்டாவில் 216 அறைகளும் நீச்சல் தடாகமும் கொண்ட ‘ஹார்ட் ஒஃப் அட்லாண்டா’ மோட்டல் அவர்களை உள்ளே விட மறுத்தது. 1964இல் குடிசார் உரிமைகள் சட்டம் வந்தபிறகும் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மோட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

சவர்க்காரமும் குளியலறையும் போட்டியால் எல்லோருக்கும் வந்து சேர்ந்தன. திறந்த கதவு மட்டும் அப்படித் தானாக வரவில்லை. போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன. அதனால ஒரு ஹொட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் எண்டு பார்க்கும்போது, அந்த வாசலில் ஆரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றும் நாங்கள் கேட்போம்.