முதல் மூன்று நாள்: வல்லநாடு, குளப்பிட்டி, கோவில்பட்டி

ஆவணி கடைசிக்கு வந்துட்டாலே எங்க கரிசல் பக்கத்து ரோடுகளில் போலீஸ் தடுப்பு ஏறிவிடும். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. நடுவில் ஏழு வாரம். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போகிற வண்டி எல்லாத்தையும் ஓரங்கட்டச் சொல்வார்கள். நிகழ்ச்சிக்குப் போக வாடகை வண்டி கூடாது, சொந்த வண்டிக்கும் அனுமதிச் சீட்டு வேணும். கோவில்பட்டிக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வண்டியை மறிப்பது எப்போது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிகிறது, முடிந்த பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கொஞ்ச நாளாகக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன். அதில் ஒரு பகுதிதான் இது.

2011 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அதற்குச் சில நாள் முன்புதான் கமுதி பக்கம் ஒரு பள்ளி மாணவன் கொலை செய்யப்பட்டிருந்தான். அந்தக் குடும்பத்தைப் பார்க்கவும் அஞ்சலி செலுத்தவும் கிளம்பிய ஜான் பாண்டியனைத் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் போலீஸ் மறித்துக் கைது செய்தது. சேதி செல்போனில் பரமக்குடிக்குப் போனது. அங்கே ஐந்துமுனைச் சந்திப்பில் கூடியிருந்தவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். தடியடி, கல்வீச்சு, அப்புறம் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் செத்தார்கள். அதே நாள் மதுரை சிந்தாமணியில், பரமக்குடிக்குக் கிளம்பியவர்கள் மீதும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் காயம்பட்டார்கள். ஓரிடத்தில் ஒரு வண்டியை நிறுத்தியதற்கு, வேறு ஊரில் உயிர் போனது.

மறுநாளே முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் விளக்கம் கொடுத்தார். போலீஸ் தற்காப்புக்காகவும் பொதுச்சொத்தைக் காக்கவும் சுட்டது என்பது சாரம். இறந்தவர் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம் அறிவித்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. 2013இல் சபைக்கு வந்த அதன் அறிக்கை, சுட்டது நியாயம் என்றது. முதல் நாள் சொன்னதும் இரண்டு வருசம் கழித்துச் சொன்னதும் ஒரே பேச்சுதான்.

எங்க பக்கத்து டீக்கடைகளில் அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பதையும் சொல்லணும். 'கல்லெறிஞ்சா சுடத்தானே செய்வான்' என்று ஒரு பெஞ்சு. அடுத்த பெஞ்சில் வாயே திறக்கவில்லை. யார் எந்தப் பெஞ்சு என்பதைச் சாதி தீர்மானித்தது. யார் யாரைச் சுட்டார்கள், எந்தத் தூரத்திலிருந்து, உத்தரவு கொடுத்தது யார் என்ற கேள்வியை எந்தப் பெஞ்சும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இது 2011இல் ஆரம்பித்ததும் இல்லை. 1957 செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம். மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கும்பல் தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். கையைக் கட்டி, கண்ணைக் கட்டிச் சுட்டார்கள் என்றது ஊர். அரசு நியமித்த அதிகாரியின் விசாரணை போலீஸ் பக்கமே முடிந்தது. கீழத்தூவலில் செத்தவர்கள் மறவர்கள், பரமக்குடியில் செத்தவர்கள் தேவேந்திரர்கள். ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதாகச் சொல்லப்படும் இரண்டு சமூகத்துக்கும் கிடைத்த பதில் ஒன்றேதான். இதை நம்மூரில் சத்தமாகச் சொல்கிறவர்கள் குறைவு.

அப்படியானால் முதல் நாள் கதை எப்போதாவது மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று எங்க ஊரிலேயே.

2016 அக்டோபர் 20 இரவு யாழ்ப்பாணம் கொக்குவில், குளப்பிட்டிச் சந்தி. மோட்டார் சைக்கிளில் வந்த யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்துகிடந்தார்கள். வேகமாக வந்து மதிலில் மோதிய விபத்து என்பதுதான் முதலில் வந்த செய்தி. ஆனால் மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்தபோது ஒருவர் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது. விபத்துக் கதை ஒரு நாள் கூடத் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனார்கள் என்று பேச்சு மாறியது. ஐந்து பொலிசார் கைதானார்கள். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், 25ஆம் தேதி வடக்கு முழுக்க ஹர்த்தால். ஊர் கொதித்தது முக்கியம்தான். ஆனால் கொதிப்புக்கு முன்னாலேயே ஒரு டாக்டர் தான் கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தார். ஹர்த்தாலுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது அந்தக் காகிதம்.

இப்போ கோவில்பட்டி. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். கடை அடைக்கத் தாமதம் என்று சொல்லி சாத்தான்குளத்தில் ஒரு தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தேடிப் போன மகனும் உள்ளே மாட்டினார். இங்கே துப்பாக்கி இல்லை, லத்திதான். ரெண்டு பேரையும் எங்க ஊர் கிளைச் சிறையில் கொண்டுவந்து அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23 காலையில் தந்தை, கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையில், அவர்களே தரையில் புரண்டு காயம் ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று இருந்தது.

அந்தக் கதை ஏன் நிற்கவில்லை? கடையடைப்பு நடந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்து ஒரு மாசம்கூட ஆகாததால் உலகம் முழுக்கப் பேச்சும் வந்தது. அது மட்டும் போதாது, பரமக்குடிக்கும் கண்டனம் வந்ததுதானே. வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது, பிரிவு 176(1ஏ). அதன்படி கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் ஸ்டேஷனுக்கே போனார். அங்கே போலீஸ் ஒத்துழைக்கவில்லை, கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என்.பிரகாஷும் பி.புகழேந்தியும் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறைப் பொறுப்பில் வைக்க வழி செய்தார்கள். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், பயந்துகொண்டே, இரவு முழுக்க அடித்ததைச் சாட்சி சொன்னார். ஜூலை முதல் வாரத்துக்குள் போலீசார் கைதானார்கள்.

தெருவில் சுட்டுச் செத்தால் இந்தப் பாதை தானாகத் திறப்பதில்லை. அங்கே பெரும்பாலும் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம்தான் வருகிறது. ஆணையம் சொல்வது அரசைக் கட்டுப்படுத்தாது. அதன் முன் ஒருவர் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் இறந்ததற்கு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், போலீஸ் சுட்டதற்கு அவசியமே இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் அறிக்கை வர நான்கு வருசம் ஆச்சு.

2014இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் சுட்டு யார் இறந்தாலும் வழக்குப் பதியணும், வேறு ஸ்டேஷனோ சிஐடியோ விசாரிக்கணும், நடுவர் விசாரணையும் வேணும் என்று 16 வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. முதல் மூன்று நாளில் அதைக் கேட்க ஆள் இல்லை.

பதிவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2016 ஜூலையில் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரர் பிலாண்டோ காஸ்டீலைச் சுட்டார். சுட்ட அடுத்த நிமிஷமே பக்கத்தில் இருந்த பெண் போனில் நேரலையாகக் காட்டினார், உலகமே பார்த்தது. அடுத்த வருசம் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தது. ஆனாலும் அங்கே நடந்தது என்ன என்பதை யாராலும் மாற்றி எழுத முடியவில்லை. கீழத்தூவலுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அறுபது வருசம் தாண்டியும் ரெண்டு கதையாகவே கிடக்கிறது.

கிளைச் சிறைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சு ஞாபகம் வருகிறது. அடுத்த தடவை எங்கேயாவது வண்டியை மறித்த இடத்தில் வெடிச் சத்தம் கேட்டால், 'எந்த ஆளுக?' என்று கேட்கும் முன்னால், 'பிரேதப் பரிசோதனை யார் செய்றாங்க, நடுவர் வந்தாச்சா?' என்று கேட்கப் பழகணும். முதலில் நான்தான் பழகணும்.