பணியிலிருக்கும் மருந்தாளுநருக்கான கிளினிக்கல் ஃபார்மசி மேற்படிப்பு: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் வரும் ஊர்களில் ஒன்று பெரிய முதலியார்சாவடி. மாவட்டம் விழுப்புரம், ஆனால் பெரிய நோய் என்றால் இப்பகுதி மக்கள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ காலாப்பட்டுப் பக்கம் பிம்ஸ் மருத்துவமனைக்கோ போகிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. உடம்புவலிக்குப் பக்கத்து மருந்துக்கடை. இப்படி ஒரே உடம்புக்குள் மூன்று வழிகளில் மருந்து போகிறது. மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு கடையில் நிற்கும் மருந்தாளுநருக்கே அதிகம். வேலையை விடாமல் அவர் கிளினிக்கல் ஃபார்மசியில் மேற்படிப்பு படிக்க வழி செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதே கடற்கரையில் உள்ள மரக்காணத்தின் உப்பளத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோடை வெயிலில் உப்பு வாரி உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். மாலையில் இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருகிறார். நீர் மாத்திரை உடம்பின் நீரை மேலும் குறைக்கும். டைக்ளோஃபெனாக் சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். எனலாப்ரில் அது வெளியேறும் குழாயைத் தளர்த்தும். வடிகட்டும் அழுத்தம் விழுந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். தனித்தனியே எந்த மருந்தும் தவறானதல்ல, சேர்க்கைதான் ஆபத்து. டைக்ளோஃபெனாக் மாத்திரையைச் சீட்டில்லாமல் தரக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் 'இல்லை' என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போவார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரித்து, பாரசிட்டமாலை அளவு சொல்லிக் கொடுத்து, சிறுநீரகத்தின் நிலையறியக் கிரியாட்டினின் பார்க்க அனுப்புவதற்குப் படிப்பும் பழக்கமும் வேண்டும்.

அந்தப் படிப்பு நம்மிடம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் உதகை, மைசூரு ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளின் எம்.ஃபார்ம் வகுப்புகள் மருந்தியல் மாணவரை வார்டுக்குள் அழைத்துச் சென்றன. 2008இல் ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படிப்பு வந்தது, பி.ஃபார்ம் முடித்தவர் அதை மூன்றாண்டில் முடிக்கலாம். ஆனால் இவை முழுநேரப் படிப்புகள். கடையையோ சம்பளத்தையோ நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு எட்டாதவை. 2014இன் பி.ஃபார்ம் (பிராக்டிஸ்) விதிகள், நான்காண்டு அனுபவமுள்ள டிப்ளமோ மருந்தாளுநருக்கு இரண்டாண்டுப் பட்டப்படிப்பைத் திறந்தன. அனுபவத்தையும் கல்வித் தகுதியாக ஏற்ற அந்த நல்ல முடிவு இளநிலையோடு நின்றுவிட்டது. 2015இன் பார்மசி பிராக்டிஸ் விதிகளோ நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக்கின. அதற்கு அவை கேட்கும் தொடர்கல்வி, ஐந்தாண்டில் இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகள். இவ்வளவு பெரிய கடமைக்கு இது எப்படிப் போதும்?

நோயாளியின் படுக்கையருகே நிற்காமல் கிளினிக்கல் படிப்பு ஏது என்ற மறுப்பு நியாயமானது. ஃபார்ம்.டி. நடத்த 300 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்ற விதியைத் தளர்த்தவும் கூடாது. ஆனால் வாரம் ஒரு நாள் வார்டிலும் மற்ற நாட்கள் தம் கடையிலுமாகப் பயிற்சியை அமைக்கலாம். கடைக்கு வருவோரின் மருந்துச் சேர்க்கைகளை, அவர்கள் இசைவோடு பதிந்து ஆராய்வதே ஆய்வேடாகலாம். வார்டில் மட்டும் படித்தவருக்கு, வீடு திரும்பிய நோயாளி என்னென்ன விழுங்குகிறார் என்பது தெரியவராது. இது மருத்துவரின் இடத்தைப் பிடிக்கும் முயற்சியும் அல்ல. நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை. அவர் எழுதிய மருந்து நோயாளிக்குத் தீங்கின்றிப் பயன்படுகிறதா என்று பார்ப்பது மருந்தாளுநர் வேலை.

படிப்புக்கேற்ற பதவியும் ஊதியமும் இல்லையென்றால் யாரும் சேரமாட்டார்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் வேலைக்கு டிப்ளமோவே போதுமான தகுதியாக இருக்கையில், மேற்படிப்பு படித்தவருக்கென்று தனிப் பணியிடம் வேண்டும். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்த அரசு, அங்கே பணிபுரிவோரிலிருந்தே முதல் அணியைத் தேர்ந்து, கட்டணத்தையும் ஏற்கலாம். மலிவு விலையில் மருந்து தருவதோடு, அதைப் பாதுகாப்பாகச் சாப்பிட வழிகாட்டுவதும் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பே.