பார்வையும் பூச்சும்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. வெதுரு என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். பழந்தமிழ் அதனையே வெதிர் என வழங்கிற்று. வேங்கடத்தை அடுத்த இக்குன்றுப் புறங்கள் பழைய தொண்டை நாட்டின் வடபகுதியாகும். வேடர் வாழ்ந்த நிலமுமாகும். அவர்களுடைய வில்லையும் வலையையும் நாம் அறிவோம். அவர்கள் கையாண்ட ‘பார்வை’ என்பதனை மறந்துவிட்டோம்.

காட்டு விலங்கைத் தன் இனத்தைக் காட்டி அருகே வரச்செய்தற்பொருட்டுப் பழக்கிக் கட்டிவைத்த விலங்குக்கே முன்னாளில் பார்வை என்று பெயர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பின் விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருந்ததைக் கூறுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், காளத்தியில் வழிபட்ட கண்ணப்பரின் ஊராகிய உடுப்பூரை வருணிக்குங்கால், பன்றி, புலி, கரடி, கடமை, மான் ஆகியவை பார்வையாக நின்றதைச் சொல்கிறார்.

புறநானூற்றின் 320-ஆம் பாடலில் ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் வேடன் உறங்குகிறான். பார்வையாகக் கட்டிய பெண்மானை ஒரு காட்டுக் கலைமான் தழுவி விளையாடுகிறது. கணவன் விழித்துக்கொள்வானோ, கலை பிணையை விட்டு நீங்குமோ என அஞ்சி, அவன் மனைவி ஓசை செய்யாமல் ஒடுங்கி நிற்கிறாள். பிடிப்பதற்கென வைத்த பொறியே அங்கு இரக்கத்திற்கு இடமாயிற்று.

உயிருள்ள பார்வைக்கு மேற்பூச்சு வேண்டுவதில்லை. தோலும் மயிரும் இயற்கை அளித்த பூச்சு. கையால் செய்த பார்வைக்கோ பூச்சே உயிர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் 1924-இல் நடந்த அகழ்வில், கோரையால் செய்த வாத்து உருவங்கள் 11 கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். கோரையைக் கட்டி உடலும் தலையும் அமைத்து, கருமையும் செம்மையும் தீட்டி, மேலே வெண்ணிற இறகுகளைச் செருகியிருந்தனர். குகையின் வறட்சியில், குழியொன்றில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தமையால் அவை அழியாது தப்பின.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்கரை மக்கள் மரத்தால் வாத்துகளைச் செதுக்கி நீரில் மிதக்கவிட்டனர். மரம் நீரில் ஊறிப் பருக்கும். வெயிலிற் சுருங்கிப் பிளக்கும். நார்கள் அறுபட்ட முனைப்பக்கமே மிகுதியாக நீரை உறிஞ்சும். ஆகவே ஆளிவிதை எண்ணெயில் ஈய வெள்ளையைக் குழைத்துப் பூசினர். எண்ணெய் மிகுந்தால் பூச்சு உறுதிபெறும், ஆயினும் பளபளக்கும். அப்பளபளப்பு வெயிலில் மின்னினால் பறவை அஞ்சி விலகும். கற்பூரத் தைலம் மிகுந்தால் மினுக்கம் அடங்கும்; ஆயினும் பூச்சு விரைவில் உதிரும். எனவே அடியில் எண்ணெய் மிகுந்த பூச்சும் மேலே மினுக்கமற்ற வண்ணமும் கொடுப்பது முறையாயிற்று; மங்கியபோது மீண்டும் தீட்டினர்.

நம் நாட்டில் மரப்பொம்மைகளுக்கு அழகு தரும் அரக்கு இதற்கு உதவாது. அது மினுங்கும், ஈரம் பட்டால் வெளுக்கும். நம் கடற்கரையோர் மரக்கலங்களுக்கு மீன் எண்ணெயைப் பூசியதும் நீரைத் தடுக்கும் இதே நோக்கத்தினாலேயே.

பொய்ப்பறவைகள் பெருகவே, உண்மைப் பறவைகள் அருகின. 1918-இல் அமெரிக்கா வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1935-இல் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதும் தடை செய்யப்பட்டது. கட்டுண்ட உயிரின் இடத்தை வண்ணம் தீட்டிய மரமே நிரப்பவேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமற் செய்தன.

அப்படியானால் இக்கலைக்கு இனிப் பயனில்லையோ? உண்டு. மெயின் மாநிலக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சிறு தீவிலிருந்து, வேட்டையால் பஃபின் என்னும் கடற்பறவைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோயின. 1973-இல் ஸ்டீபன் கிரெஸ் என்பவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து அங்கே வளர்த்துக் கடலில் விட்டார். வளர்ந்தவை திரும்பவேண்டுமே! 1977-இல் வண்ணம் பூசிய மரப் பஃபின்களைப் பாறைகளின்மேல் நிறுத்தினார். தன் இனம் அங்கிருப்பதாக எண்ணிப் பறவைகள் வந்தன. 1981-இல் அங்கே கூடு கட்டின.

தன் இனத்தைக் கண்டால் நெருங்குவது உயிர்களின் இயல்பு. அந்நம்பிக்கையைக் கொல்வதற்கும் பயன்படுத்தலாம், வீடு திரும்ப அழைப்பதற்கும் பயன்படுத்தலாம். மரமும் பூச்சும் இரண்டிலும் ஒன்றே. ஓசை செய்யாது நின்ற அவ்வேட்டுவப் பெண், தன் முற்றத்துப் பார்வையை எவ்வழியில் பயன்படுத்தக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.